நாலு நாள் காய்ச்சல்

ஜனவரி 20, 2021, புதன்

மருந்துக் கம்பெனிக்காரர் கொடுத்த டைரி. வருடா வருடம் இரண்டு பக்கம் எழுதிவிட்டு விட்டுவிடுவேன். இந்த வருடம் ஒழுங்காக எழுதுவது என்று முடிவு செய்திருக்கிறேன். முடிவு செய்யவே இருபது நாளாகிவிட்டது.

நாளை எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொரோனா தடுப்பூசி தொடங்குகிறது. முதலில் எங்களைப் போன்ற பணியாளர்களுக்குத்தான். பட்டியலில் முப்பத்திரண்டு பெயர் இருக்கிறது. சம்மதம் என்று சொன்னவர்கள் பதினொரு பேர். ஆம்புலன்ஸ் ஓட்டுநருக்குச் சர்க்கரையாம். லேப் டெக்னீசியன் சங்கரபாண்டியன், "மொதல்ல நாலு பேரு போடட்டும் சிஸ்டர், பாத்துட்டு வருதேன்" என்கிறார். ஊரில் பிறக்கிற குழந்தை ஒன்றைக்கூட விடாமல் துரத்தித் துரத்தி ஊசி போடுகிற கூட்டம் நாங்கள். எங்களுக்கு என்று வந்ததும் ஆளுக்கொரு வியாதி முளைத்துவிட்டது.

டாக்டர் நவநீதன் என்னைக் கூப்பிட்டார். "சீனியர் ஸ்டாஃப் நர்ஸ் நீங்கதான் முதல்ல போட்டுக்கணும் சிஸ்டர். உங்களைப் பார்த்துதான் மத்தவங்க வருவாங்க." சரி என்றேன். பத்தொன்பது வருட சர்வீசில் டாக்டர்களுக்கு வேறு பதில் சொல்லிப் பழக்கமில்லை.

துப்புரவுப் பணியாளர் முப்பிடாதி அக்கா வராந்தாவைக் கூட்டிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். "சுடர்க்கொடி சிஸ்டர் போட்டா நானும் போடுதேன். மத்தவங்க சொல்லுத பேச்செல்லாம் எனக்கு வேண்டாம்." ஐம்பத்து நாலு வயது. நான் இங்கே வந்த நாளிலிருந்து என் பேச்சை வேதவாக்காக எடுத்துக்கொள்கிறவள்.

வீட்டில் இவரிடம் சொன்னேன். "ஒனக்கு என்ன அவசரம்? போட்டவங்களுக்கு என்ன ஆகுதுன்னு பாத்துட்டுப் போட்டா ஆவாதா?" என்றார். நாளைக்கு இட்லி மாவு ஆட்ட வேண்டும்.

ஜனவரி 21, வியாழன்

தடுப்பூசி போட்டாயிற்று. இடது கை. லேசான வலி.

என்னோடு சேர்த்துப் பத்துப் பேர். போட்டோ எடுத்தார்கள். முப்பிடாதி அக்கா இன்று போடவில்லை. "சிஸ்டர் நாளைக்கு டூட்டிக்கு வருதாங்களான்னு பாத்துட்டுச் சொல்லுதேன்" என்றாளாம்.

ஜனவரி 22, வெள்ளி

டூட்டிக்குப் போனேன். முப்பிடாதி அக்கா என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சிரித்தாள். "கல்லு மாதிரில்லா இருக்கீய."

போனில் அரசாங்கத்திலிருந்து வாழ்த்துச் செய்தி வந்திருக்கிறது. இரண்டாவது தவணை பிப்ரவரி 18.

கையில் ஒட்டிய பஞ்சை இன்னும் ஏன் எடுக்கவில்லை என்று இவர் கேட்டார்.

ஜனவரி 24, ஞாயிறு

வியாழக்கிழமை எழுதியது பொய். சொந்த டைரியில்கூடப் பொய் எழுதுகிற பெண் நான் என்று நாற்பத்து மூன்று வயதில் தெரிந்துகொண்டேன்.

நடந்தது இதுதான். காலையில் போட்டோவுக்காக ரெஜினா என் கையருகே வெறும் சிரிஞ்சைப் பிடித்தாள். ரெஜினா கிராம சுகாதார செவிலியர், நல்ல பெண். போட்டோக்காரர் "ஊசி தெரியலை, கொஞ்சம் வெளிய பிடிங்க" என்று மூன்று முறை எடுத்தார். கை தட்டினார்கள். ரெஜினா அப்போதே கம்ப்யூட்டரில் முதல் பெயராக என்னை ஏற்றிவிட்டாள். "எனக்குக் கை வலிச்சா உங்களுக்கெல்லாம் யார் போடுறது? நான் கடைசில போட்டுக்கிடுதேன்" என்றேன். எல்லாருக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

ஒரு குப்பியில் பத்துப் பேருக்கு மருந்து. ஒன்பது பேருக்கு நானே போட்டேன். மத்தியானம் ஒரு மணிக்கு ரெஜினாவிடம், "நீ சாப்பிடப் போ, நானே போட்டுக்கிடுதேன்" என்றேன். நர்சுகள் செய்வதுதான். அவள் போனாள். பத்தாவது டோஸை ஒழுங்காக அரை மில்லி எடுத்தேன், காற்றுக் குமிழ் இல்லாமல். கையைத் துடைத்தேன். ஒரு நிமிடமோ ஐந்து நிமிடமோ அப்படியே உட்கார்ந்திருந்தேன். பிறகு மருந்தை ஒரு பஞ்சு உருண்டைக்குள் அழுத்தினேன். இந்தச் சிரிஞ்சை ஒரு தடவை கடைசிவரை அழுத்திவிட்டால் 'டக்' என்று பூட்டிக்கொள்ளும், மறுபடி இழுக்க முடியாது. அந்தச் சத்தம் கேட்டது. இன்னொரு பஞ்சைக் கையில் வைத்து பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு சாப்பிடப் போனேன். ரெஜினா எனக்கு முருங்கைக்கீரைப் பொரியல் வைத்தாள்.

காலையில் சாப்பிடவில்லை, பிரஷர் குறைவாக இருந்தது. அதனால்தான்.

ஜனவரி 27, புதன்

வாசலில் பெரிய ஃப்ளெக்ஸ் கட்டிவிட்டார்கள். நான் சிரிக்கிறேன், கையருகே ஊசி. 'நான் போட்டுக்கொண்டேன். நீங்கள்?'

இன்று குழந்தைகள் தடுப்பூசி நாள். ஒரு தாய் அழுகிற பிள்ளையிடம் படத்தைக் காட்டி, "அந்த சிஸ்டரே சிரிச்சுக்கிட்டுப் போட்டுருக்காவ, நீ அழுதியே" என்றாள். அந்தப் பிள்ளைக்கு நான்தான் ஊசி போட வேண்டியிருந்தது. கை நடுங்கவில்லை. அடுத்தவர் தொடையில் குத்தும்போது எனக்குக் கை நடுங்கியதே இல்லை.

எல்லாரும் எனக்கு என்ன ஆயிற்று என்று கேட்கிறார்கள். ஒன்றுமே ஆகவில்லை என்றால் சந்தேகம் வருமோ என்று ரெஜினாவிடம் ஒரு நாள் காய்ச்சல் என்று சொல்லியிருக்கிறேன். சங்கரபாண்டியனிடம் கைவலி மட்டும். முப்பிடாதி அக்காவிடம் காய்ச்சல், உடம்பு வலி. யாரிடம் என்ன சொன்னேன் என்று மறக்காமல் இருக்க இங்கே எழுதி வைக்கிறேன். டைரி இதற்காவது உதவட்டும்.

காரணம் பிரஷர் இல்லை. இவர் வேண்டாம் என்றதுதான். அவர் பேச்சை நான் வேறு எதில் கேட்டிருக்கிறேன் என்று கேட்கக் கூடாது.

ஜனவரி 28, வியாழன்

முப்பிடாதி அக்கா வந்து உட்கார்ந்துவிட்டாள். புதுச் சேலை. "போடுங்க சிஸ்டர். நீங்கதான் போடணும்." போட்டேன்.

போட்ட பிறகு அரை மணி நேரம் உட்கார வைத்துக் கவனிக்க வேண்டும் என்பது விதி. ரெஜினாதான் அதைப் பார்ப்பாள். இன்று நான் பார்க்கிறேன் என்றேன். எதிரே நாற்காலி போட்டு அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். மூச்சு, உதடு, கழுத்தில் தடிப்பு ஏதும் வருகிறதா என்று பார்த்தேன். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நாடி பிடித்தேன்.

"என்ன சிஸ்டர், பொண்ணு பாக்க வந்தவுக மாதிரி மொகத்தையே பாத்துக்கிட்டு இருக்கீய?" என்றாள். அறையில் எல்லாரும் சிரித்தார்கள். "எங்க அம்மைகூட என்னைய இப்படிப் பாத்ததில்ல" என்றாள் பிறகு.

அரை மணி முடிந்தது. அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. மனசு லேசாகிவிட்டது. அப்படியானால் அடுத்த வாரம் நானும் போட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தேன். நினைத்ததை எழுதுகிறேன், வேறொன்றுமில்லை.

ஜனவரி 30, சனி

முப்பிடாதி அக்கா வரவில்லை. போன் செய்தாள். நேற்றுச் சாயங்காலத்திலிருந்து காய்ச்சல், கண்ணுக்குப் பின்னால் வலி, மேலெல்லாம் அடித்துப்போட்ட மாதிரி. "உங்களுக்கும் இப்படித்தான் இருந்துச்சா சிஸ்டர்?"

"எனக்கும் இப்படித்தான்க்கா. ரெண்டு நாள்ல போயிரும். பாரசிட்டமால் போடுங்க. வலி தாங்கலைன்னா நான் கொடுத்த அந்தச் செகப்பு அட்டை மாத்திரையையும் போடுங்க."

செகப்பு அட்டை என்றால் டைக்ளோஃபெனாக். முழங்கால் வலிக்கு நான் கொடுத்து வைத்திருந்தது.

பிப்ரவரி 1, திங்கள்

மறுபடி போன். காய்ச்சல் விடவில்லை. அவள் மகள் இசக்கிராணி பேசினாள். பி.எஸ்ஸி. படிக்கிறவள், விவரமானவள். "அம்மாவ டாக்டர்ட்ட கூட்டிட்டு வரட்டுமா சிஸ்டர்?"

இரண்டு நாளுக்கு மேல் காய்ச்சல் இருந்தால் டாக்டருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று சுவரில் நானே ஒட்டிய தாள் எனக்கு எதிரே இருந்தது. தெரிவித்தால் டாக்டர் விசாரிப்பார். போட்டுக்கொண்ட எல்லாரையும் கூப்பிட்டு, எப்போது வந்தது, எத்தனை டிகிரி, எத்தனை நாள் என்று கேட்பார். என்னையும் கேட்பார்.

பின்னால் இருந்து முப்பிடாதி அக்கா குரல் கேட்டது. "சிஸ்டருக்கு எத்தன நாளு இருந்துச்சுன்னு கேளுட்டி."

"நாலு நாள்" என்றேன். "நாலு நாள் இருந்துச்சு. நான் டூட்டிக்கு வந்துக்கிட்டுத்தானே இருந்தேன்? பயப்படாதீங்க."

மத்தியானம் தயிர்சாதம். ஒரு பிரசவம், பெண் குழந்தை, இரண்டே முக்கால் கிலோ.

பிப்ரவரி 2, செவ்வாய்

டெங்கு. ஊசிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. காலையில் வாந்தி, ஈறிலிருந்து ரத்தம். இசக்கிராணி என்னைக் கேட்காமல் ஆட்டோ பிடித்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டாள். ரத்தத்தில் தட்டணு, அதாவது பிளேட்லெட், பதினெட்டாயிரம்தான்; ஒன்றரை லட்சமாவது இருக்க வேண்டும்.

டெங்குக் காய்ச்சலில் டைக்ளோஃபெனாக் கொடுக்கக் கூடாது. நர்சிங் பள்ளியில் முதல் வருடமே சொல்லித் தருவது. கொடுத்தால் ரத்தக் கசிவு அதிகமாகும்.

பிப்ரவரி 3, புதன்

பன்னிரண்டாயிரம்.

பிப்ரவரி 4, வியாழன்

தடுப்பூசி நாள். ஒருவரும் வரவில்லை. ஊசி போட்டுத்தான் முப்பிடாதி இப்படி ஆனாள் என்று ஊர் முழுக்கப் பேச்சு. சங்கரபாண்டியன் டெங்கு ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டே, "இருந்தாலும் ஊசி போட்ட ரெண்டாம் நாள்ல வந்திருக்கே சிஸ்டர்" என்கிறார். ரத்தம் சோதிக்கிறவரே இப்படி.

டாக்டர் என்னைக் கூப்பிட்டார். "உங்க குரல்ல ஒரு வாய்ஸ் மெசேஜ் போடுங்க சிஸ்டர். உங்க பேச்சைத்தான் நம்புவாங்க." நாற்பது நொடி பேசினேன். 'நானும் போட்டுக்கொண்டேன். ஒரே ஒரு நாள் லேசான காய்ச்சல். இன்று நன்றாக இருக்கிறேன்.' சாயங்காலத்துக்குள் வட்டாரம் முழுவதும் போய்விட்டது. என் அண்ணி தூத்துக்குடியிலிருந்து கேட்டுவிட்டுப் பாராட்டினாள்.

தட்டணு பதினைந்தாயிரம். ஏறுகிறது.

பிப்ரவரி 7, ஞாயிறு

போய்ப் பார்த்தேன். நாற்பத்திரண்டாயிரம், ஆபத்து இல்லை. சாத்துக்குடி வாங்கிக்கொண்டு போனேன். கையெல்லாம் ஊசி குத்திய இடம் நீலமாகக் கன்றிக் கிடக்கிறது. என்னைப் பார்த்ததும் எழுந்து உட்காரப் பார்த்தாள்.

"உங்க பேரக் கெடுத்துட்டனே சிஸ்டர்" என்றாள். எடுத்த எடுப்பில் அதுதான். "கொசு கடிச்சதுக்கு ஊசி மேல பழி போட்டுட்டானுவ. என்னாலதான ஒருத்தரும் வர மாட்டேங்கான்? நான் எந்திரிச்சு வந்து சொல்லுதேன்."

நான் சாத்துக்குடியை உரித்துக்கொண்டிருந்தேன்.

"எனக்கு அந்த மூணாம் நாளே தாங்கல. இசக்கிகூட டாக்டர்ட்ட போவோம்னா. நான்தான் சொன்னேன், சிஸ்டரு நாலு நாள் காய்ச்சலோட ஒரு நாகூட லீவு போடாம வந்து நமக்கெல்லாம் ஊசி போட்டாவளே, நாம வீட்டுல படுத்துக்கிட்டுப் பொறுக்கக் கூடாதான்னு. அத நெனச்சு நெனச்சுத்தான் பொறுத்துக்கிட்டு கெடந்தேன்."

உரித்த சுளையை அவள் வாயில் வைத்தேன்.

வாசல் வரை இசக்கிராணி வந்தாள். மரியாதையாகத்தான் கேட்டாள். "அம்மாட்ட நாலு நாள்னு சொன்னீங்க. வாய்ஸ்ல ஒரு நாள்னு சொல்லுதீங்க. எது சிஸ்டர் சரி?"

"பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்றேன். மூன்று பஸ் போன பிறகுதான் என்னால் ஏற முடிந்தது.

பிப்ரவரி 8, திங்கள்

பயம். அவ்வளவுதான். பிரஷரும் இல்லை, இவர் சொன்னதும் இல்லை. நர்சுகள் குரூப்பில் வந்த ஒரு வீடியோவைப் பார்த்து, அது பொய்யாகத்தான் இருக்கும் என்று தெரிந்தும் பயந்தேன். பயந்ததுகூடப் பெரிய குற்றமில்லை. சங்கரபாண்டியனும் பயந்தார், வாய்விட்டுச் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொண்டார். நான் என் பயத்தை மறைத்து முப்பிடாதி அக்காவை முன்னால் விட்டேன். அன்றைக்கு அரை மணி நேரம் அவள் முகத்தைப் பார்த்தது அவளுக்காக இல்லை. அவளுக்கு ஒன்றும் ஆகாவிட்டால் நான் போட்டுக்கொள்ளலாம் என்று பார்த்தேன். அவள் அதை அம்மாவின் பார்வை என்று நினைத்துக்கொண்டாள்.

இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது. நாளை டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

பிப்ரவரி 9, செவ்வாய்

சொன்னேன். முப்பது வயதுகூட ஆகாத பையன். எனக்கு முன்னால் எழுந்து நின்றுவிட்டார். பிறகு கதவைச் சாத்தினார். டைக்ளோஃபெனாக் விஷயத்தையும் சொன்னதும் தலையில் கை வைத்து உட்கார்ந்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன்.

"இப்ப இதைச் சொன்னா இந்த வட்டாரத்துலயே ஒருத்தர் வர மாட்டாங்க சிஸ்டர். நர்ஸே போட்டுக்கலைன்னு ஆயிடும்" என்றார். பிறகு, "பதினெட்டாம் தேதி கம்ப்யூட்டர்ல உங்களுக்கு ரெண்டாவது டோஸ் காட்டும். அதை நிஜமா போட்டுக்கங்க. இன்னொண்ணு பின்னால பார்த்துக்கலாம். யாருக்கும் தெரிய வேணாம்" என்றார்.

வெளியே வந்தபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதி பஸ் ஸ்டாண்டு வரைகூடத் தாங்கவில்லை. அப்படியே இருந்துவிட்டால் நான்தான் இந்த நிலையத்தின் முதல் ஆள், எப்போதும். முப்பிடாதி அக்காவும் சாகும்வரை என் நாலு நாள் காய்ச்சலைச் சொல்லிக்கொண்டிருப்பாள்.

பிப்ரவரி 11, வியாழன்

இரண்டே பேர் வந்தார்கள். இரண்டு பேருக்காகக் குப்பியைத் திறந்தால் எட்டு டோஸ் வீணாகும் என்று திருப்பி அனுப்பினோம். வீணாக்குவதைப் பற்றி ரெஜினா என்னிடம் வருத்தப்பட்டாள்.

பிப்ரவரி 14, ஞாயிறு

முப்பிடாதி அக்கா வீட்டுக்கு வந்துவிட்டாள். நான் போகவில்லை.

பிப்ரவரி 16, செவ்வாய்

காற்றில் ஃப்ளெக்ஸ் ஒரு பக்கம் அவிழ்ந்து என் முகம் மடங்கித் தொங்கியது. அப்படியே இருக்கட்டும் என்று நினைத்தேன். வாட்ச்மேன் ஏணி போட்டு, அக்கறையாக, இழுத்துக் கட்டிவிட்டார்.

பிப்ரவரி 18, வியாழன்

காலை பத்து மணிக்கு முப்பிடாதி அக்கா மகளைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தாள். பாதியாகிவிட்டாள். அவளுக்கு இன்று வேலை ஏதும் இல்லை, இரண்டாவது தவணை அடுத்த வாரம்தான். "சிஸ்டருக்கு இன்னைக்கு ரெண்டாவது ஊசிலா. தொணைக்கு வந்தேன்" என்றாள். நேற்றே வீடு வீடாகப் போன் செய்து, தனக்கு வந்தது டெங்கு என்று எல்லாரிடமும் சொல்லியிருக்கிறாள். அவளைப் பார்க்கவென்றே பதினான்கு பேர் வந்திருந்தார்கள். சங்கரபாண்டியன்கூட ஆதார் அட்டையோடு நின்றார்.

நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். ரெஜினா கம்ப்யூட்டரைப் பார்த்துப் படித்தாள். "சுடர்க்கொடி, ரெண்டாவது டோஸ்." டாக்டர் வாசலில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ரெஜினா சிரிஞ்சில் மருந்தை எடுத்தாள். அந்தச் சிரிஞ்சைப் பார்த்தேன்.

"ரெஜினா, இது எனக்கு முதல் டோஸ்."

அவளுக்குப் புரியவில்லை. ஸ்க்ரீனைக் காட்டி, "இல்ல சிஸ்டர், முதல் டோஸ் ஜனவரி இருபத்தொண்ணுன்னு இருக்கே" என்றாள்.

"நான் போட்டுக்கிடல. பயந்துபோய்ப் பஞ்சுல அழுத்திட்டேன். எல்லார்கிட்டயும் பொய் சொன்னேன்."

எல்லாருக்கும் கேட்கிற மாதிரிதான் சொன்னேன். டாக்டர் கண்ணை மூடிக்கொண்டார். யாரோ சிரித்தார்கள், யாரோ "அட" என்றார்கள். நான் ஒரே ஒரு ஆளைத்தான் பார்த்தேன்.

முப்பிடாதி அக்கா கோபப்படவில்லை. எதையோ கூட்டிப் பார்க்கிற மாதிரி நெற்றியைச் சுருக்கினாள். பிறகு மெதுவாகக் கேட்டாள். "அப்ப அந்த நாலு நாள் காய்ச்சலு?"

"இல்லக்கா."

"ஒரு நாளுகூடவா?"

"ஒரு நாள்கூட இல்லக்கா. நான் போடச் சொன்ன செகப்பு அட்டை மாத்திரையும் தப்பு. உங்க உசுருக்கே ஆபத்தாயிருக்கும்."

இசக்கிராணி அவள் கையைப் பிடித்து, "வாம்மா போவோம்" என்றாள். அக்கா கையை விடுவித்துக்கொண்டாள்.

ரெஜினாவுக்கு அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டே எனக்கு ஊசி போட்டாள். 'டக்' என்ற சத்தம் கேட்டது. வலிக்கவே இல்லை. இதற்காகவா என்று எனக்கே கேவலமாக இருந்தது.

அரை மணி நேரம் உட்கார வேண்டும். யாரும் என் பக்கத்தில் வரவில்லை. முப்பிடாதி அக்கா ஒரு நாற்காலியை இழுத்து எனக்கு எதிரே போட்டாள். உட்கார்ந்தாள். அரை மணி நேரமும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கு நான் எதற்காகப் பார்த்தேன் என்று அவளுக்குப் புரிந்துவிட்டதா என்று எனக்குத் தெரியவில்லை. பாதி நேரத்துக்கு மேல் என்னால் தலை நிமிர்ந்து உட்கார முடியவில்லை. நேரம் முடிந்ததும் எழுந்து, மகளைப் பிடித்துக்கொண்டு போய்விட்டாள்.

பதினான்கு பேரில் ஆறு பேர் திரும்பிப் போய்விட்டார்கள். எட்டுப் பேர் போட்டுக்கொண்டார்கள். சங்கரபாண்டியன் போட்டுக்கொண்டார். "நீங்களும் பயந்தீயன்னு தெரிஞ்சப்புறம் எனக்குக் கொஞ்சம் தெம்பாத்தான் இருக்கு சிஸ்டர்" என்றார். ஆறுதலுக்குச் சொன்னாரா, குத்திக் காட்டினாரா, அவருக்குத்தான் வெளிச்சம்.

மூன்று மணிக்கு மெமோ கொடுத்தார்கள். நாற்பத்தெட்டு மணி நேரத்தில் விளக்கம் எழுதித் தர வேண்டும். டாக்டர் கையெழுத்துப் போடும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. ஃப்ளெக்ஸை நானே கழற்றச் சொன்னேன். வாட்ச்மேன் முன்பே கழற்றி, சுருட்டி, ஜெனரேட்டர் மேல் தார்ப்பாயாகப் போட்டிருந்தார்.

பிப்ரவரி 19, வெள்ளி

காலையில் எழுந்ததும் காய்ச்சல். 100.6. உடம்பு வலி. நிஜம்.

இவர் காபி வைத்துக் கொடுத்துவிட்டுப் போனார். நேற்று நடந்ததை ராத்திரியே அவரிடம் சொல்லிவிட்டேன். விளக்கக் கடிதத்தை எழுத உட்கார்ந்தேன், 'ஐயா' என்பதற்கு மேல் ஓடவில்லை.

ஒன்பது மணிக்கு போன் வந்தது. முப்பிடாதி அக்கா. எடுக்கப் பயந்து ஐந்தாவது தடவை மணி அடித்தபோதுதான் எடுத்தேன்.

"காய்ச்சல் அடிக்கா?"

"அடிக்குதுக்கா."

"எத்தன?"

"நூறு புள்ளி ஆறு."

பின்னால் அவள் வீட்டுக் குக்கர் விசில் அடித்தது. நான் மன்னிப்புக் கேட்கலாம் என்று வாயைத் திறந்தேன்.

"நாளை எண்ணிக்கிடுங்க" என்றாள். "ரெண்டு நாளைக்கு மேல போச்சுன்னா டாக்டர்ட்ட காட்டணும். அடுத்தவங்க பேச்சக் கேட்டுக்கிட்டு வீட்டுல கெடக்கக் கூடாது."

வைத்துவிட்டாள். சிஸ்டர் என்று ஒருமுறைகூடச் சொல்லவில்லை.

காய்ச்சல், முதல் நாள்.